பொதிகை முதல் புன்னைக்காயல் வரை: தாமிரபரணியை அளந்து படிக்க ஒரு கையேடு

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் பொதிகையில் பூங்குளத்தருகே 1,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் புறப்படும் இந்த ஆறு, முதல் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அந்த உயரம் முழுவதையும் ஏறக்குறைய இறங்கி முடித்துவிடுகிறது. மலையில் காலையில் கொட்டிய மழை, தடுக்க அணை இல்லையென்றால் மதியத்துக்குள் அடிவாரத்தில் இருக்கும். அதனால் இப்படிப்பட்ட குறு நதியைக் கிலோமீட்டரில் படிப்பதைவிட மணிக்கணக்கில் படிப்பதே பயன் தரும். மழை எந்தக் கிளையில் விழுந்தது, அந்தக் கிளை எந்த இடத்தில் சேர்கிறது, நம் படித்துறைக்கு எப்போது வரும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஆற்றின் புவியியலில் பாதி கைக்குள் வந்த மாதிரி.

கரையோரம் குடியிருப்பவர்கள், பாசன சங்கத்தார், பள்ளியில் புவியியல் நடத்துபவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலைகளே கீழே உள்ளன. பெரும்பகுதி மேசையில் உட்கார்ந்து செய்வது. ஆற்றில் இறங்க வேண்டிய வேலை ஒன்றுதான், அதுவும் கோடையில்.

வரைபடத் தாள்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்கள் வேண்டும். பழைய எண் வரிசைப்படி இந்த ஆறு 58 எச்/2, எச்/6, எச்/10, எச்/14, பிறகு 58 எல்/2 என ஐந்து தாள்களில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசையில் போகிறது. பொதிகை உச்சி எச்/2-இன் கிழக்கு ஓரத்தில் வரும். பாபநாசமும் அம்பாசமுத்திரமும் எச்/6-இல், திருநெல்வேலி எச்/10-இல், ஸ்ரீவைகுண்டம் எச்/14-இல், புன்னைக்காயல் எல்/2-இல். குற்றாலத்துச் சிற்றாற்றையும் சேர்க்க எச்/5, எச்/9, எச்/13 தேவை. இப்போது வெளியாகும் தாள்களுக்கு வேறு எண் முறை என்பதால், இணையதளத்தில் எண்ணைத் தேடாமல் ஊர்ப் பெயரையோ அட்சரேகையையோ வைத்துத் தேடுங்கள். பதிவு செய்துகொண்டால் பி.டி.எஃப். வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

இந்தத் தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். அச்சிடும்போது 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். அது தாளைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும், அதன் பிறகு எடுக்கும் அளவு எல்லாமே தப்பாகும். அச்சிட்டதும் தாளின் கீழே உள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இவை தவிர முறுக்கேறிய பருத்தி நூல் மூன்று மீட்டர், வரைகட்டத் தாள் இரண்டு, மூன்று நிறப் பென்சில், அடுக்கு (xʸ) போடும் வசதியுள்ள கால்குலேட்டர். ஃபோனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அதிலேயே அந்த வசதி வந்துவிடும்.

எல்லைக்கோடு

ஆற்றை வரைவதற்கு முன்னால் அதன் நீர்ப்பிடிப்பு எல்லையை, அதாவது எந்தப் பரப்பில் விழும் மழை இந்த ஆற்றுக்கு வரும் என்று காட்டும் கோட்டை, வரைய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லை தெரியாமல் கிளையாறுகளை எண்ணத் தொடங்கினால் பக்கத்து ஆற்றின் ஓடையெல்லாம் கணக்கில் வந்து சேரும்.

கழிமுகத்தில் தொடங்காதீர்கள். பாபநாசம் அருவிக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலேறிப் போங்கள். சமஉயரக் கோடுகள் கூர்மையாக மடங்கும் இடங்களைக் கவனியுங்கள். மடிப்பின் கூர்முனை உயரத்தை நோக்கி இருந்தால் அது ஓடை. தாழ்வை நோக்கி இருந்தால் அது மலைமுதுகு. எல்லைக்கோடு முதுகின் மேலேயே போக வேண்டும், சமஉயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்ட வேண்டும், தொடங்கிய புள்ளியைத் தவிர வேறெங்கும் ஓடையைக் குறுக்கே கடக்கக் கூடாது. எங்காவது ஓடையைக் கடந்துவிட்டால் பின்னால் எங்கோ தவறான முதுகில் ஏறிவிட்டீர்கள் என்று பொருள். கடந்த இடத்தில் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யப் பார்க்காமல், கடைசியாகப் பிரிந்த உச்சி வரை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பொதிகையின் உச்சியில்தான் கவனம் அதிகம் வேண்டும். அதே மலைத்தொகுதியின் மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனை ஆறும் புறப்பட்டு அரபிக்கடலுக்குப் போகின்றன. தெற்கே கோதையாறு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இறங்குகிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வழியாகப் போகும் அதே சாலையில் மேலே போனால் வருவது மேல்கோதையாறு. ஊத்தில் பெய்யும் மழை மணிமுத்தாற்றுக்கு வருகிறது. மேல்கோதையாறு அணையில் விழுவதோ மலையின் மறுபக்கம் போய்விடுகிறது. சாலையில் அடுத்தடுத்த ஊர் என்பதால் ஒரே ஆற்றைச் சேர்ந்தவை என்று நினைப்பதுதான் இந்தப் பகுதியில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

மலைப்பகுதியை முடித்த பிறகு சமவெளிக்கு வாருங்கள். இங்கே சமஉயரக் கோடு உதவாது. திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து 47 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரைக்கும் தாளில் 40, 20 என்று இரண்டு கோடுகள்தான் குறுக்கே வரும். அவற்றை வைத்து எல்லை போட முடியாது. குளங்களின் மறுகால் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துப் போக வேண்டும். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து, அடுத்த குளம், அதற்கடுத்த குளம் என்று போய்க் கடைசியில் தாமிரபரணியில் விழுந்தால் அது உள்ளே. வேறெங்கோ போனால் வெளியே. இதற்கு வரைபடத்தைவிட அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியின் வார்த்தைதான் உறுதியானது. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முழு எல்லையும் முடிந்ததும் உங்கள் பரப்பு 5,900 சதுர கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும்.

கணினியில் செய்பவர்கள் விண்ணிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் என்08ஈ077, என்08ஈ078 என்ற இரண்டு துண்டுகளை எடுத்தால் ஆற்றின் பெரும்பகுதி அடங்கும். வடக்குச் சிற்றாற்றின் மேல்கிளைகள் 9 பாகைக்கு மேலே எட்டினால் என்09ஈ077-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பள்ளம் நிரப்பல், நீர்த்திசை, நீர்த்திரட்சி என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம், அதாவது 900 சதுர மீட்டர். திரட்சி வரம்பை, அதாவது எத்தனை கட்டத்து நீர் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது என்பதை, 1,000 கட்டம் என்று வைத்தால் 0.9 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து ஓடை தொடங்கும். மலைக்கு அது பொருந்துகிறது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே மென்பொருள் தரும் கோடுகளை அப்படியே நம்பக் கூடாது. குளக்கரையும் சாலைமேடும் ரயில்பாதையும் அதன் கண்ணுக்கு மலை மாதிரித் தெரியும், ஓடையை அவற்றின் பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும். அணைநீர்ப் பரப்புகளில் நேர்கோடாக ஓடை தெரிந்தால் அதுவும் போலி.

நீளம்

நூலை நனைத்துப் பிழிந்து ஆற்றின் நடுக்கோட்டில் வளைவு வளைவாக வையுங்கள். ஐந்து தாளிலும் சேர்த்து இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நூல் தேவைப்பட்டால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள் (256 செ.மீ. என்றால் 128 கி.மீ.). ஒரு தாளின் விளிம்பிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும்போது நூலில் மையால் குறி வையுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் உள்ள அரை கிலோமீட்டர் இரண்டு முறை சேரும்.

உங்கள் விடை 120-க்கும் 128-க்கும் நடுவே வந்தால் பதற வேண்டாம். சிறு வளைவுகளை எவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடர்ந்தீர்கள், நீர்த்தேக்கத்தில் பழைய ஆற்றுத்தடத்தை எடுத்தீர்களா நேராகக் கடந்தீர்களா, கழிமுகத்தின் மணல்திட்டு அந்த ஆண்டு எங்கே இருந்தது என்பதை எல்லாம் பொறுத்து நீளம் மாறும். எண்ணோடு எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பொதிகையிலிருந்து புன்னைக்காயலுக்கு நேர்கோட்டில் சுமார் 96 கி.மீ. 128-ஐ 96-ஆல் வகுத்தால் 1.33. ஒரு மலையாறு இவ்வளவு குறைவாக வளைவது கவனிக்க வேண்டிய சங்கதி. மலைக்கும் கடலுக்கும் நடுவே இடம் குறைவு, ஆறு ஏறக்குறைய நேராகக் கிழக்கே ஓடிவிடுகிறது. வெள்ளத்துக்குச் சுற்றுவழி இல்லை.

சரிவுப் படம்

நூல் வைத்த கோட்டை ஒவ்வொரு சமஉயரக் கோடும் வெட்டும் இடத்தின் தூரத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு வரைகட்டத் தாளில் ஏற்றுங்கள். கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 4 கி.மீ., செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று வைத்தால் ஒரு ஏ3 தாளில் அடங்கும். இந்த அளவில் உயரம் நாற்பது மடங்கு மிகைப்பட்டுத் தெரியும் என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பார்ப்பவர்கள் முழு ஆறும் அருவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மலைப்பகுதியில் ஏறக்குறைய 80 சமஉயரக் கோடுகள் ஆற்றைக் குறுக்கே வெட்டும். அடிவாரத்திலிருந்து கடல் வரை நூறு கிலோமீட்டரில் ஐந்து கோடு கிடைத்தால் அதிகம். மேலே கிலோமீட்டருக்கு 60 மீட்டருக்கு மேல் சரிவு, கீழே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். அதனால் சமவெளிக்குத் தனியாக இன்னொரு படம் போடுங்கள், செங்குத்தில் 1 செ.மீ.க்கு 10 மீட்டர் வைத்து. அதில் தடுப்பணைகள் எட்டையும் குறியுங்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிகிறது. கோடகன் கால்வாய் அரியநாயகிபுரத்தில், பாளையங்கால்வாய் பழவூரில், நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியில், மேலக்காலும் கீழக்காலும் மருதூரில், வடகாலும் தென்காலும் ஸ்ரீவைகுண்டத்தில். சரிவு சட்டென்று மாறும் இடங்களைப் படத்தில் தேடினால் அருவிகள் தாமாகவே வந்து நிற்கும்: பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம், அகத்தியர் அருவி.

மூலத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று புறப்பட வேண்டாம். பூங்குளமும் மேல்கிளைகளும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், அதோடு ஆபத்தும். இந்தப் பகுதிக்குத் தாளே போதும்.

கிளைகளும் அணைகளும்

ஆற்றின் சாரம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரே நெடுங்கோடு போட்டு, இரு பக்கமும் கிளைகளை அவை சேரும் வரிசையில் எழுதுங்கள். பேயாறு, உள்ளாறு, காரையாறு ஆகியவற்றின் நீர் பாபநாசம் அணைக்குள் போகிறது. சேர்வலாறு பாபநாசத்துக்கு மேலே சேர்கிறது. தெற்கிலிருந்து மணிமுத்தாறு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில். வடக்கிலிருந்து, ராமநதியையும் ஜம்பு நதியையும் உள்ளடக்கிய கடனாநதி திருப்புடைமருதூரில். தெற்கிலிருந்து பச்சையாறு தருவை அருகே. கடைசியாக வடக்கிலிருந்து சிற்றாறு சீவலப்பேரியில்.

நாளிதழில் தினமும் வரும் அணை நிலவரத்தை இந்தக் கோட்டின் மேல் பொருத்துங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, வடக்குப் பச்சையாறு 50, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. இவற்றில் கடைசி மூன்றும் சிற்றாற்றின் கிளைகளில் இருக்கின்றன. அதே பட்டியலில் நம்பியாறும் கொடுமுடியாறும் வரும். மாவட்ட எல்லைக்குள் இருப்பதால் வருகின்றன, ஆனால் அவை நம்பியாற்றுப் படுகை. தாமிரபரணிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அணை அடியைப் படிப்பதில் இரண்டு பிசகுகள் நடக்கின்றன. முதலாவது, உயரத்தில் பாதி என்றால் நீரிலும் பாதி என்று எடுத்துக்கொள்வது. நீர்த்தேக்கம் கீழே குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கு. 143 அடியில் 71 அடி நின்றால் கொள்ளளவில் கால் பங்குக்கும் கீழேதான் இருக்கும். மேலே ஏற ஏற ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் தண்ணீர் பிடிக்கும், அதனால் கடைசிப் பத்து அடி மெதுவாக ஏறுவது போல் தோன்றும். வரத்து குறைந்துவிட்டது என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது, பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் தனித்தனியாகப் பார்ப்பது. இரண்டு தேக்கங்களும் சுரங்கத்தால் இணைந்தவை. மழையே இல்லாத நாளில் சேர்வலாறு பல அடி ஏறினால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாபநாசத்தின் கணக்கில் பாருங்கள்.

எந்தக் கிளையில் மழை என்பதை வைத்து எந்த ஊருக்கு எச்சரிக்கை என்று சொல்லிவிடலாம். குற்றாலத்தில் கொட்டினால் அந்த நீர் சீவலப்பேரியில், அதாவது திருநெல்வேலி நகரைத் தாண்டிய பிறகுதான் ஆற்றில் சேரும். திருநெல்வேலியின் கொக்கிரகுளத்தில் ஆறு அமைதியாக இருக்கும்போதே மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏறலாம். நகரத்துக்காரர்கள் பாபநாசம், மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு நான்கையும் கவனித்தால் போதும். ஏரல், ஆத்தூர்க்காரர்கள் அத்தனையையும் கவனிக்க வேண்டும்.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டிச் சிந்தும் மழையும், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரலும் காரையாற்றையும் சிற்றாற்றையும் நனைக்கும். கார் சாகுபடி அதை நம்பித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று கிழக்குச் சரிவில் நேராக மோதும், அப்போதுதான் மணிமுத்தாறு நிறையும், பிசான சாகுபடிக்குத் தண்ணீர் உறுதியாகும். ஜூலையில் மணிமுத்தாறு தாழ்ந்து கிடப்பது பருவம் பொய்த்ததற்கு அடையாளம் ஆகாது.

மழையை நீராக்கும் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10,000 கன மீட்டர் தண்ணீர். நம் ஊர்க் கணக்கில் 0.353 மில்லியன் கன அடி. நீர்ப்பிடிப்பு 100 சதுர கிலோமீட்டர், மழை 10 செ.மீ. என்று வைத்தால் 353 மில்லியன் கன அடி விழுந்திருக்கிறது. அதில் பாதி ஓடி வந்தால் 176. ஒரு மில்லியன் கன அடியை ஒரு நாள் முழுக்கச் சீராக விட்டால் விநாடிக்கு 11.57 கன அடி. ஆக அந்த மழை ஒரு நாள் சராசரியில் விநாடிக்கு 2,000 கன அடி வரத்தைத் தரும். உச்சம் அதைப் போல் சில மடங்கு போகும், ஏனென்றால் மழை நாள் முழுக்கச் சீராகப் பெய்வதில்லை.

பாதி என்பது ஊகம்தான். ஜூன் முதல் வாரத்தில் காட்டுமண் காய்ந்து கிடக்கும்போது கால் பங்குகூட ஓடிவராமல் போகலாம். நவம்பர் கடைசியில் மண் ஊறிப்போன பிறகு முக்கால் பங்கு வந்துவிடும். ஒரே மழை, மூன்று மடங்கு வித்தியாசம். முந்தைய பத்து நாள் மழையைக் கூட்டிப் பார்க்காமல் இந்தப் பங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மழை அளவுப் பட்டியலில் தேதியையும் கவனியுங்கள். காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரத்து மழை அன்றைய தேதியில் பதிவாகிறது. 18-ஆம் தேதி என்று போட்டிருப்பது பெரும்பாலும் 17-ஆம் தேதி பெய்தது. இதை மறந்தால் மழைக்கும் ஆறு ஏறியதற்கும் உள்ள நேரம் ஒரு நாள் தள்ளிப்போய், மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாகக் கணக்கு காட்டும். இன்னொன்று, அம்பாசமுத்திரத்து மழைமானியை வைத்து மலையைக் கணிக்காதீர்கள். அடிவாரத்தில் தூறல்கூட இல்லாத நாளில் ஊத்தும் நாலுமுக்கும் பல சென்டிமீட்டர் வாங்கியிருக்கும்.

எத்தனை மணி நேரத்தில் வரும்?

மலைப்பகுதிக்குக் கிர்பிச் சூத்திரம் போதும். ஓடையின் நீளத்தை மீட்டரில் எடுத்து 0.77 அடுக்குக்கு உயர்த்துங்கள். சரிவை, அதாவது விழும் உயரத்தை நீளத்தால் வகுத்த எண்ணை, மைனஸ் 0.385 அடுக்குக்கு உயர்த்துங்கள். இரண்டையும் பெருக்கி 0.0195-ஆல் பெருக்கினால் விடை நிமிடத்தில் வரும். 20,000 மீட்டர் நீளம், 1,600 மீட்டர் இறக்கம் என்றால் சரிவு 0.08, விடை சுமார் 106 நிமிடம். மலைத்தலையில் விழுந்த நீர் அடிவாரம் வர இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சிறு நீர்ப்பிடிப்புகளுக்காக உருவான சூத்திரம் இது. சமவெளிக்குப் போடாதீர்கள்.

நீளம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத ஓடைகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவிக்கு மேலே தேக்கம் எதுவும் இல்லாத இடத்தில் தப்பிக்கக் கிடைப்பது நிமிடங்கள் மட்டுமே. நீரின் நிறம் செம்மண்ணாக மாறுவது, சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலே வெளியேறிவிட வேண்டும். துணியை எடுக்கத் திரும்பக் கூடாது.

சமவெளியில் வெள்ளத்தின் முகப்பு நீரோட்டத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு வேகமாக நகரும். வெள்ளக் காலத்தில் ஓட்டம் விநாடிக்கு 1.5 மீட்டர் என்றால் முகப்பு 2.25 மீட்டர், அதாவது மணிக்கு 8 கி.மீ. பாபநாசத்திலிருந்து கொக்கிரகுளம் வரை ஆற்றுவழியில் சுமார் 40 கி.மீ. என்று நூல் காட்டும். ஐந்து மணி நேரம். நடுத்தரமான நீர்வரத்துக்கு இது பொருந்தும். கரைபுரளும் வெள்ளத்தில் வயல்களில் நீர் பரவி நேரம் கூடலாம். அணை திறப்புச் செய்தியில் நேரம் இருந்தால் அதையும், உங்கள் படித்துறையில் நீர் ஏறத் தொடங்கிய நேரத்தையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மழைக்காலத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு நேர அட்டவணை கிடைத்துவிடும். எந்தச் சூத்திரத்தையும்விட அது மேல்.

படித்துறையில் ஓர் அளவுகோல்

திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும் முன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். எந்த மட்டத்தில் எடுக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்கு அத்துப்படி. தண்ணீர் மண்டபத்தின் எந்தக் கல்லைத் தொட்டது என்று கேட்டுக் குறித்தால் அதுவே ஒரு வெள்ள அளவுகோல். உங்கள் ஊர்ப் படித்துறையிலும் இதைச் செய்யலாம்.

கோடையில் தண்ணீர் மிகத் தாழ்ந்திருக்கும் நாளில் கடைசிப் படியைச் சுழியம் என்று வையுங்கள். மேலே ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப் வைத்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய கல்படிகள் ஒன்று 14 செ.மீ., அடுத்தது 21 செ.மீ. என்று இருக்கும், சராசரி போட்டால் பத்தாவது படியில் கணக்கு ஒரு முழப் பிசகு காட்டும். பக்கச் சுவரில் எனாமல் பெயிண்டால் 10 செ.மீ.க்கு ஒரு கோடும் 50 செ.மீ.க்கு ஓர் எண்ணும் எழுதுங்கள். அசையாத ஏதாவது ஒன்றை, கோயில் வாசற்கல்லோ பாலத் தூணின் அடிமட்டமோ, குறிப்புப் புள்ளியாக எடுத்து அதிலிருந்து சுழியம் எத்தனை மீட்டர் கீழே என்று பதிந்துவையுங்கள். படி பெயர்ந்துபோனாலும் அளவு பெயராது.

தினம் ஒரே நேரத்தில் படியுங்கள். பாபநாசத்தில் மின் உற்பத்திக்கு ஏற்றபடி நீர் கூடிக் குறைவதால், மழையில்லாத நாளிலும் காலைக்கும் மாலைக்கும் மட்டம் மாறும்.

ஓட்டத்தை அளப்பது

முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால், கலங்கல் தெரிந்தால், அணை திறப்பு அறிவித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மணல் அள்ளிய குழிகளும் கசங்களும் (ஆழமான மடுக்கள்) உள்ள இடத்தைத் தவிர்த்து, 30 மீட்டர் நேராக ஓடும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். இரு கரையிலும் கயிறு கட்டி, 2 மீட்டருக்கு ஒரு முறை ஆழம் எடுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மூடிய அரை லிட்டர் பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், காற்று அதைத் தள்ளும். நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று முறையாவது விட்டுச் சராசரி எடுங்கள், முடிந்ததும் பாட்டிலைப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலம் 40 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 16 சதுர மீட்டர். 30 மீட்டரை 50 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 0.6. அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.51. பாறையும் உருளைக்கல்லும் நிறைந்த தளமென்றால் 0.8 வையுங்கள். 16 × 0.51 = 8.16 கன மீட்டர். 35.3-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 288 கன அடி.

இந்த எண் அணையிலிருந்து விட்டதாகச் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகாது, போகவும் கூடாது. உங்களுக்கு மேலே உள்ள தடுப்பணைகளில் கால்வாய்க்குப் பிரிந்தது போக, வயலில் பாய்ந்து வடிந்து திரும்பி வந்ததையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். கார், பிசானம் பருவங்களில் எந்தெந்தக் கால்வாய் திறந்திருந்தது என்பதை அதே பக்கத்தில் எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே

கடைசித் தடுப்பணையைத் தாண்டிய பிறகு இது வேறு ஆறு. சரிவு மிகக் குறைவு, வண்டல் படிந்து கரை கடலை நோக்கி நகர்ந்தபடியே வந்திருக்கிறது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. எல்/2 தாளில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கழிமுகம் நகர்ந்த தடம் தெரியும்.

வெள்ளம் எப்போதும் மலையிலிருந்துதான் வரும் என்ற நினைப்பு இங்கே செல்லாது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவானது. மலையிலிருந்து ஆறு கொண்டுவந்த வெள்ளமும் கடலோரத்தில் நேராகக் கொட்டிய மழையும் ஒரே நேரத்தில் சந்தித்தன. கீழே ஏற்கெனவே நின்ற தண்ணீரின் மேல் ஆறு வந்து ஏறியது. முன்னர் சொன்ன கிளைவாரிக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. அதனால் ஏரல், ஆத்தூர், முக்காணிப் பகுதிக்கு நோட்டுப் போடுபவர்கள் மலை மழை, கடலோர மழை, கடல் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) என்று மூன்று பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத ஆற்றில் அது உள்ளே வெகுதூரம் தெரியும். புன்னைக்காயலில் அளவெடுத்தால் ஓத நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். முகத்துவாரத்து மணல்திட்டு ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இடம் மாறும். ஜனவரியில் மழை ஓய்ந்ததும் அதை ஒரு முறையும், படித்துறைக் குறுக்குவெட்டை ஒரு முறையும் புதிதாக அளந்து, பழைய அளவை அழிக்காமல் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.